வெட்டியாளும் இயந்திரமும்: ஜீனோவை நம் பக்கத்திலிருந்து வாசித்தல்

1

சுஜாதாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "திட்டி நாலு பக்கம் எழுது, போடுவாங்க. பாராட்டி எழுதினா உன்னையும் சேர்த்துத் திட்டுவாங்க" என்றார். நான் இரண்டையும் செய்யப்போவதில்லை. 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' என்ற இரண்டு நாவல்களும் எப்படி உருவாயின, எந்த வழியாக அச்சேறின, அந்த வழியில் யாரெல்லாம் நடக்க முடிந்தது என்று பேச வேண்டும். எதிர்காலத்தில் நடக்கிற காதல் கதை நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்போடுதான் எனக்குத் தகராறு.

முதலில் நான் வாசித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்க வீடு மயிலாப்பூர் பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. அம்மா மாடவீதிப் பக்கம் நாலு வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்த்தது. அதில் ஒரு வீட்டிலிருந்து, எடைக்குப் போடுமுன் பழைய வாரப் பத்திரிகைக் கட்டு எனக்கு வரும். கொல்லைப்புற வாசல் வழியாகத்தான் வரும், அம்மா போய்வருகிற அதே வாசல். அப்படி வந்த பழைய விகடன்களில்தான் நிலாவையும் ஜீனோவையும் படித்தேன். தொடர்கதையில் மூன்று வாரம் இருக்கும், நாலாவது வாரம் இருக்காது. அந்த வீட்டில் யாராவது கிழித்து பைண்டு பண்ண எடுத்து வைத்திருப்பார்கள், இல்லை, வடகம் காயவைத்திருப்பார்கள். விட்டுப்போன வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானே இட்டுக்கட்டித் தம்பிக்குச் சொல்வேன். நான் கதை எழுதப் பழகியது அப்படித்தான். என் அத்தியாயங்களில் ஜீனோ என்கிற அந்த இயந்திர நாய் எங்க குடியிருப்புத் தண்ணி லாரி வரிசையில் வந்து நிற்கும். வருஷங்கள் கழித்து லஸ் கார்னர் பிளாட்பாரக் கடையில் முழுப் புத்தகத்தை வாங்கிப் படித்தபோது, அச்சில் ஜீனோ எங்க பக்கம் வரவே இல்லை என்று தெரிந்தது.

2

சுஜாதா என்கிற ரங்கராஜன் 1935இல் திருவல்லிக்கேணியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி., சிவில் விமானத் துறை, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று போனது அவர் வாழ்க்கை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் கதை 1953இல் திருச்சியிலிருந்து வந்த 'சிவாஜி' பத்திரிகையில். 1962இல் 'குமுத'த்தில் 'இடது ஓரத்தில்'. அங்கே ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். இது சுவாரசியமான செய்தியாக எல்லோராலும் சொல்லப்படுகிறது. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் வேறொன்று தோன்றும். ஒரு பத்திரிகைக்குள் இரண்டு ரங்கராஜன்கள் மோதிக்கொண்டபோது எத்தனை மாடசாமிகள் வாசலுக்காவது வந்திருந்தார்கள்?

அவர் திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. 1968இல் 'நைலான் கயிறு' வந்ததிலிருந்து தமிழ் வாக்கியத்தையே அவர் சுருக்கிவிட்டார். அறிவியலைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே தமிழில் சொல்ல முடியும் என்று காட்டினார். 'ஏன், எதற்கு, எப்படி' படித்துவிட்டு பாலிடெக்னிக்கில் சேர்ந்த நம் பையன்களை எனக்குத் தெரியும். அந்தக் கடனை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் அவருடைய வேலைமுறையைப் பாருங்கள். எழுதுகிறவர் பெங்களூரில், பத்திரிகை சென்னையில். தொடர்கதை எழுதுகிறவர் முழு நாவலையும் எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாரம் ஒரு அத்தியாயம் போதும். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் வாசகரின் கழுத்தைப் பிடித்து அடுத்த வாரத்துக்கு இழுக்க வேண்டும். யாரோ காணாமல் போக வேண்டும், யாரோ கதவைத் தட்ட வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போவதும், ரவி என்ற அந்நியன் ஜீனோவோடு அவள் வீட்டுக்குள் வந்து தங்குவதும் இந்தக் கட்டாயத்துக்கு அச்சாகப் பொருந்துகின்றன. வாரப் பத்திரிகைக்குக் காதல் வேண்டும், பயம் வேண்டும், கொஞ்சம் சிரிப்பு வேண்டும். மூன்றாவதுக்காகத்தான் ஜீனோ. புத்தகம் படிக்கிற, குறுக்கே பேசுகிற இயந்திர நாய். கடைசியில் என்ன ஆயிற்று? காதலர்களைவிட அது பெரிதாக வளர்ந்து, இரண்டாம் நாவலின் தலைப்பிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. வாசகர்கள் ஒரு துணைப் பாத்திரத்தின் மேல் வைத்த பிரியம் தொடர்கதையின் போக்கையே மாற்றக்கூடும் என்பதற்கு ஜீனோவைவிட நல்ல உதாரணம் தமிழில் எனக்குத் தெரியாது.

தொடராக வந்தது பிறகு தி.நகர் வெங்கட்நாராயணா சாலைப் பதிப்பகத்தில் புத்தகமானது. லெண்டிங் லைப்ரரிகளுக்குப் போனது, தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. வாரப் பத்திரிகை, புத்தகம், நூலகம், திரை என்று போகிற இந்த ரயிலில் ஒரு தடவை இடம் கிடைத்தால் கடைசி ஸ்டேஷன் வரை போகலாம். முதல் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர் யார் என்பதுதான் கேள்வி.

3

நாவலுக்கு வருவோம். 1980களில் எழுதப்பட்ட அந்தக் கதை 2020களின் தொடக்கத்தில் நடக்கிறது. நாம் அந்த வருஷங்களைத் தாண்டி வந்துவிட்டோம். ஜீவா என்ற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான். எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான் அனுமதி. பிள்ளை பெற அரசாங்கம் அனுமதி தர வேண்டும். நிலாவுக்கு அந்த அனுமதி கிடைப்பதில்தான் கதை தொடங்குகிறது. எத்தனை பிறப்பு, எத்தனை சாவு என்று ஒரு இயந்திரம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒரு ஆளே கிடையாது, வெறும் ஒளிப்பிம்பம். அவனை எதிர்த்துக் கிளம்பிய ரவியும் மனோவும் நிலாவை ராணியாக்கிப் பொம்மைபோல் உட்கார்த்தி வைக்கிறார்கள். அதிகாரத்தின் உள்ளே ஆள் இல்லை, ஆனாலும் அதிகாரம் நடக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர் ஒன்று இவ்வளவு தூரம் வந்தது பெரிய விஷயம்.

பெயர் விஷயம் எனக்கு உறுத்துகிறது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை வெட்டியெறிய 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தொடங்கி ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. நாவலில் அது அரசாங்க உத்தரவாக, ஒரு கொடுங்கோலனின் வேலையாக வருகிறது. சண்டை போட்டவர்கள் யாரும் அங்கே இல்லை. நிலா, சிபி, ரவி, மனோ. மாரியும் காளியும் முனியும்கூட இரண்டெழுத்துத்தானே? படித்து முடித்தபின் நினைவில் நிற்கிறவர்களில் ஒரு மாரியைக் காணோமே. அந்த நகரத்தின் சாக்கடையில் யார் இறங்குகிறார்கள் என்ற கேள்வி கதையின் நடுவுக்கு வருவதே இல்லை.

இதோடு இன்னொரு சம்பவத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1857 கலகத்தை வைத்து அவர் 'கறுப்பு, சிவப்பு, வெளுப்பு' என்ற தொடரைக் குமுதத்தில் தொடங்கினார். ஒரு சாதியாரின் எதிர்ப்பு கிளம்பி, சில வாரங்களிலேயே அது நிறுத்தப்பட்டது. பிற்பாடு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறாக எழுதினார். கடந்த காலம் என்றால் ஒவ்வொரு சாதியும் தன் வேலிக்குப் பக்கத்தில் தடியோடு நிற்கிறது. எதிர்காலத்துக்கு வேலியும் இல்லை, காவலும் இல்லை. அங்கே யார் வேண்டுமானாலும் போய் வீடு கட்டலாம். அவர் கட்டினார். நாம் போகவில்லை.

போயிருந்தால் நமக்கு ஒன்று சட்டென்று தெரிந்திருக்கும். பிள்ளை பெறவும், இணை சேரவும் அனுமதி தருகிற இயந்திரம் இனிமேல் வரப்போகிற ஒன்றா? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியை விளக்கிய விதத்தை நினைத்துப் பாருங்கள். அகமணத்தை வைத்துத்தான் சாதி நிற்கிறது என்கிறார். ஒரு கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிய வேண்டுமென்றால் ஆண் பெண் எண்ணிக்கை சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். உபரியாகிற பெண்ணையும் ஆணையும் என்ன செய்வது? உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், சிறுமி மணம் எல்லாம் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட வந்தவை. வேறெப்படிப் படித்தாலும் இது ஒரு இயந்திரத்தின் வரைபடம். பிறப்பை எண்ணி, இணையை எண்ணி, உபரியைக் கொளுத்துகிற இயந்திரம். உள்ளே ஜீவா போன்ற ஒரு ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டான், ஆனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோது உண்மையான மருந்து கலப்பு மணம்தான் என்று அவர் சொன்னதற்கும் காரணம் இதுதான். அந்த இயந்திரம் காதலுக்கு மட்டும்தான் பயப்படுகிறது.

நிலாவின் பயம் மயிலாப்பூர் வாசகருக்குக் கற்பனைத் திகில். நமக்கு? 2013இல் தருமபுரி இளவரசன் ரயில் பாதையில் கிடந்தார். 2015இல் கோகுல்ராஜ். 2016இல் உடுமலை சங்கர், பட்டப்பகலில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க வெட்டப்பட்டார். காதலிக்க அனுமதி வாங்காத குற்றம். அறிவியல் காதல் கதை என்பது மேல்தட்டு விளையாட்டு என்கிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த வடிவம் நமக்காகவே செய்து வைத்ததுபோல் இருக்கிறது.

4

இப்போது ஜீனோ. நாய் என்பது நம்மேல் எறியப்பட்ட வசைச்சொல். ஒரு நாயை நம் ஆள் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. எனக்கும் கூசியது. ஆனால் நாவலில் அதன் இடத்தைப் பாருங்கள். அது வேலைக்காகச் செய்யப்பட்டது. சொந்தக்காரன் சொன்னதைச் செய்ய வேண்டும். யாரும் சொல்லாமலே புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்க எதிர்க் கேள்வி கேட்கிறது. வீட்டுக்காரர்கள் அதன் புத்தியைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், பேச்சை ரசிக்கிறார்கள், ஆனால் அது பொருள்தான் என்பதை மறப்பதில்லை. படித்த வேலையாளைப் பார்த்து எஜமானுக்கு வருகிற சிரிப்பும் கலக்கமும் நமக்குத் தெரியாததா?

'ரோபோ' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில்தான் அந்தச் சொல் உலகத்துக்கு வந்தது. அவர் மொழியில் 'ரொபோட்டா' என்றால் நிலப்பிரபுவுக்குப் பண்ணையாள் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்புக்குப் பெயர் 'வெட்டி'. என் தாய்மாமன் சுடுகாட்டில் பார்த்த வேலைக்கு ஊர் வைத்த பெயரிலும் அந்த வெட்டி இருக்கிறது. தி.நகரில் புத்தகங்கள் அச்சாகிவந்த தெருக்களிலிருந்து கண்ணம்மாபேட்டை சுடுகாட்டுக்கு நடந்தே போய்விடலாம். அந்தத் தூரத்தைத் தமிழ் அறிவியல் புனைகதை கடக்கவில்லை. 'ரோபோ' என்பதற்கு 'இயந்திரம்' என்று எழுதினோம். 'வெட்டியாள்' என்று எழுதியிருந்தால் கதையே மாறியிருக்கும்.

சாபெக்கின் நாடகம் எப்படி முடிகிறது தெரியுமா? மனிதர்கள் ஏறக்குறைய எல்லாருமே போய்விட்ட உலகத்தில் இரண்டு ரோபோக்களுக்குள் காதல் வருகிறது. ஒருவருக்காக மற்றவர் சாக முன்வருகிறார். வேலையாட்கள் காதலிக்கத் தொடங்கியதும் அவர்களே மனிதர்களாகிறார்கள்.

நம் பக்கம் அந்தக் காதல் யாருக்குக் கிடைத்தது? 2010இல் வந்த 'எந்திர'னை எடுத்துக்கொள்வோம். வசனத்தில் சுஜாதாவின் பெயர் உண்டு என்றாலும் அவர் 2008இலேயே இறந்துவிட்டார். கதை, திரைக்கதை ஷங்கருடையது. ஏழைகள் குடியிருக்கிற கட்டடத்தில் தீப்பிடிக்கிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ரோபோ அப்படியே எல்லார் முன்னாலும் தூக்கிக்கொண்டு வருகிறது. அவமானம் தாங்காமல் அவள் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். அதற்கப்புறம்தான் அந்த ரோபோவுக்கு உணர்ச்சி கற்பிக்கிறார்கள், அது கதாநாயகியைக் காதலிக்கிறது. ஒரு குடிசை மாற்று வாரியத்துப் பெண்ணின் சாவு, இயந்திரத்தின் காதல் பாடத்துக்கு முதல் பக்கம். தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மெல்லச் சொன்னது: "ஒரு துணியாச்சும் போர்த்தி எடுத்தாந்திருக்கலாம்ல." நான் படித்த எந்த விமர்சனத்திலும் அந்த வாக்கியம் இல்லை.

5

இதுவரை அவர்களைக் கேட்டேன். இனி நம்மைக் கேட்க வேண்டும்.

நான் ஒரு கதை எழுதினேன். 2080இல் அடையாற்றங்கரை. சாக்கடைக்குள் இறங்குகிற இயந்திரத்தை மேலேயிருந்து ஓட்டுகிற பெண்ணுக்கும், தோல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிற பையனுக்கும் காதல். அடையாற்றில் அப்படியொரு ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. நம் தாத்தாக்கள் கையால் பதனிட்ட தோல் அங்கே போய் விஞ்ஞானம் ஆகிவிட்டது, அதனால்தான் அந்த இடம். இருவரும் சேர வேண்டுமென்றால் ஒரு பெட்டிக்குள் விரலை வைக்க வேண்டும். பெட்டி ஏழு தலைமுறையைப் படித்துவிட்டுப் பச்சையோ சிவப்போ காட்டும். இதில் நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. கல்யாணப் பொருத்தம் பார்க்கிற கம்ப்யூட்டரில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நீட்டினேன், அவ்வளவுதான்.

வாரப் பத்திரிகை ஒன்று 'எங்கள் வாசகர்களுக்கு ஒட்டாது' என்று திருப்பிவிட்டது. சரி, எதிர்பார்த்ததுதான். நம் ஆட்கள் நடத்திய சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் நல்லவர், உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார். "நல்லா எழுதுறீங்க தோழர். ஆனா இதெல்லாம் எதுக்கு? உங்க குடியிருப்பைப் பத்தி, அம்மாவைப் பத்தி எழுதுங்களேன்" என்றார். முதல் மறுப்பைவிட இது வலித்தது. எங்களிடம் காயத்தை மட்டும் கேட்கிறார்கள்.

சாட்சியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' எந்தப் பெரிய பதிப்பகம் வழியாகவும் வரவில்லை. மதுரையில் ஒரு சமூக ஆய்வு மையம்தான் வெளியிட்டது. இலக்கணம் இல்லை, வடிவம் இல்லை, பேச்சு மொழி கொச்சை என்றெல்லாம் சொன்னார்கள். அந்த ரயிலில் இடம் தராததால் தனியாகத் தண்டவாளம் போட்டார்கள். இன்று நாமெல்லாம் அதில்தான் போகிறோம். ஆனால் நடந்ததை மட்டுமே சொல்ல அனுமதி என்று நாமே ஒரு பெட்டி செய்து வாசலில் வைத்துவிடக் கூடாது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஆக்டேவியா பட்லரின் கதை நமக்குத் தெரிய வேண்டும். 1947இல் பிறந்தவர். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தார், பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தார். அந்த வீடுகளில் தூக்கிப்போட்ட புத்தகங்களை மகளுக்குக் கொண்டுவந்தார். இதைப் படித்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று விளக்க வேண்டியதில்லை. பட்லர் பாத்திரம் கழுவினார், சிப்ஸ் ஆலையில் வேலை பார்த்தார், விடியுமுன் இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார். பஸ் பிடித்து மேரிலாண்டுக்குப் போய் அடிமைத் தோட்டங்கள் இருந்த இடங்களைப் பார்த்துவந்தார். பல பதிப்பகங்கள் மறுத்தபின் 1979இல் 'கிண்ட்ரெட்' வந்தது. வெள்ளைக் கணவனோடு வாழும் ஒரு கறுப்புப் பெண், 1976இலிருந்து அடிமைக் காலத்துக்குள் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். அது அறிவியல் புனைகதையா, காதல் கதையா, சாட்சியமா? மூன்றும்தான். பின்வாசலில் அம்மா பட்ட அவமானத்திலிருந்து பிறந்த கதைக்குக் காலப்பயணம் தேவைப்பட்டது. நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால், இன்றைய வீட்டுக்குள் அந்தச் சவுக்கு வந்து விழுவதைக் காட்டியிருக்க முடியாது.

நம் நாட்டிலும் ஆள் இருக்கிறார். வங்காளத்துத் தலித் எழுத்தாளர் மிமி மண்டல், பட்லரைப் பற்றிய நூலொன்றை 2017இல் இணையாசிரியராகத் தொகுத்து 'ஹியூகோ' விருதுப் பட்டியல் வரை போனார். தமிழில் இன்னும் அந்த வரிசை தொடங்கவில்லை. இத்தனைக்கும் மதராஸ் இதில் பின்தங்கிய ஊரல்ல. பெண்கள் ஆளுகிற நாட்டைக் கற்பனை செய்த பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் இதே மதராசிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில்தான் முதலில் அச்சானது. கனவுக்குச் சின்னப் பத்திரிகைதான் முதல் இடம் கொடுத்தது.

2022இல் சென்னை ஐஐடிக்காரர்கள் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்கிற ரோபோவைக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. அப்புறமும் நம் பிள்ளைகள் குழிக்குள் இறங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திரத்தை 'என் இனிய' என்று முதலில் கூப்பிட உரிமை யாருக்கு? குழிக்கு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணுக்குத்தான். அவள் எழுதுகிற காதல் கதையில் அந்த இயந்திரம் என்ன பேசும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஆகவே இந்தப் பத்திரிகைக்கு ஒரு கோரிக்கை. இதழுக்குப் பத்துப் பக்கமாவது நடக்காத கதைகளுக்கு ஒதுக்குங்கள். வருகிற கதைகளை 'இது உங்கள் அனுபவமா' என்று கேட்டுத் திருப்பாதீர்கள். முதல் கதையாக என்னுடையதைப் போட வேண்டாம், வரிசையில் நிற்கிறேன். கல்லூரி விடுதிகளில் நோட்டுப் புத்தகத்துக்குப் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். விட்டுப்போன வாரங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.